ப்ரோஃப் சப்பாத்தைக் கழற்றிய ஞாயிறு

மரத் தரையில் சப்பாத்துகள் கீச்சிடும் சத்தம்... அதோடு ஜன்னலால் வரும் பைன் மர வாசம். இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் யூனிவர்சிட்டி கூடைப்பந்து அணி பயிற்சி செய்த மண்டபத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இவை இரண்டும்தான். ஜன்னலுக்கு வெளியே மொந்தே பெல்லெக்ரீனோ மலை, எந்நேரமும் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

நான் அப்போது பெண்கள் அணி கேப்டன். வீட்டில், படிக்கப் போகிறாயா பந்து எறியப் போகிறாயா என்று தினமும் ஒரு விசாரணை நடக்கும்.

எங்கள் கோச்சை எல்லோரும் "ப்ரோஃப்" என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்த சிசிலிக்காரி. கத்தத் தொடங்கினால் வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்பவர்கள் தோற்றுப் போவார்கள்.

அந்த வருடம்தான் ப்ரோஃப் ஜெனியைக் கூட்டிக்கொண்டு வந்தார்...

ஜெனி எங்கள் ஆள்தான். மன்னார்க் குடும்பம், பலெர்மோவில் பிறந்தவள். அம்மா பொலிதேயாமா பக்கம் ஒரு இத்தாலிய சிஞ்ஞோராவின் வீட்டில் வீட்டுவேலை செய்தார். பந்து கையில் பட்டால் அவளைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு ஆட்டம். ஆனால் கோபம் மூக்கு நுனியில். உன் அம்மா எங்கள் வீட்டு நிலம் துடைக்கிறவள் என்று சொன்ன எதிரணிப் பெண்ணுக்கு, ஒரு கிளப்பில் இருந்தபோது கன்னத்தில் ஒன்று விட்டாள். அடுத்த கிளப்பில் நடுவர் மேல் பந்தை எறிந்தாள். இரண்டு கிளப்பும் கதவைச் சாத்திவிட்டன.

எங்கள் நிர்வாகத்துக்கும் அவளை எடுக்க விருப்பமில்லை. ப்ரோஃப் விடாமல் நின்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். இன்னொரு சண்டை, அல்லது காரணம் சொல்லாமல் பயிற்சிக்கு வராமல் விடுவது, இதில் எது நடந்தாலும் பெயரை வெட்டுவார்கள். அணியில் இடம் போனால் ஸ்கொலர்ஷிப்பும் போகும். அது இல்லாமல் ஜெனி யூனிவர்சிட்டியில் படிக்க வழியே இல்லை.

குளிர்காலம் முழுக்கப் பிள்ளை தங்கம்.

மே மாதம் வந்தது. முக்கியமான மேட்ச்கள் நெருங்கியதால் ஞாயிறு காலையும் பயிற்சி. முதல் ஞாயிறே ஜெனியைக் காணவில்லை. ஃபோன் ஓஃப். திங்கட்கிழமை வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே தவிர, காரணம் சொல்லவில்லை. ப்ரோஃப் ஒருமாதிரி நிர்வாகத்தைச் சமாளித்தார். அடுத்த ஞாயிறும் அதே கதை...

நிர்வாகத்தைக் கேட்கவும் வேண்டுமா? அப்போதே சொன்னோம்தானே என்று பெயரை வெட்டத் தயாரானார்கள். ப்ரோஃப் நேரே என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஜன்னலால் மலையைக் காட்டினேன்.

பலெர்மோத் தமிழருக்கு, வேதக்காரரோ என்னைப் போல சைவமோ, மலைக்கோவிலில் இருக்கும் புனிதை சாந்தா ரொசாலியா வீட்டு ஆள் மாதிரி. பரீட்சை, விசா, கல்யாணம்... எதுவானாலும் முதலில் அவவுக்குத்தான் சொல்வோம்.

அப்போதே நானும் ப்ரோஃபும் மலையின் கல்லுப் பாதையில் ஏறினோம். பாதி வழியில் ஜெனியின் அம்மா, கையில் செபமாலையோடு. பின்னால் ஜெனி. இருவருமே வெறுங்கால். ஜெனியின் குதிக்கால் வெடித்துப் போயிருந்தது.

அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். மகளை ஒரு அணி எடுத்தால், மே மாத ஞாயிறெல்லாம் இரண்டு பேரும் வெறுங்காலோடு மலை ஏறுவதாக ரொசாலியாவுக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி வரும் என்று அவர் எங்கே கண்டார்? நேர்த்தி முடியும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று மகளுக்குக் கட்டளை வேறு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிப்பே போகப் போகிறது, எனக்காவது சொல்லியிருக்கலாமே என்று ஜெனியைப் பிடித்துக் கேட்டேன்.

"ரெண்டு கிளப்பாலையும் என்னைத் துரத்தேக்கை அம்மா ஒரு சொல்லும் பேசேல்லை அக்கா," என்றாள். "அவ என்னட்டைக் கேட்டது இது ஒண்டைத்தான்."

அதை ப்ரோஃபுக்கு இத்தாலியனில் சொன்னேன். ப்ரோஃப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்... சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸையும்.

பிறகு அம்மாவிடம் சொல்லச் சொல்லி என்னிடம் ஒன்று சொன்னார். நான் தமிழில் இப்படித்தான் சொன்னேன்: "மகளை ஆராவது எடுக்க வேணும் எண்டுதானே நீங்கள் கேட்டனீங்கள். எடுத்தது இவதானாம். அப்ப மிச்ச ஞாயிறெல்லாம் இவ உங்களோடை நடக்கிறாவாம், பிள்ளை போய் விளையாடட்டுமாம்."

அம்மா நின்று யோசித்தார். நேர்த்தியில் ஆள் மாற்றுவது லேசான காரியமா...

"செபமாலை சொல்லத் தெரியுமோ எண்டு கேள்," என்றார் கடைசியில்.

ப்ரோஃப் கோவில் வாசலை மிதித்தே பல காலம். பாதி மறந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னார். மிச்சத்தைத் தான் சொல்லித் தருவதாக அம்மா சம்மதித்தார்.

காரணம் எனக்குத் தெரியும், அது போதும் என்று ப்ரோஃப் நிர்வாகத்தின் வாயை அடைத்தார். மே முடியும்வரை ஞாயிறு பயிற்சியை நடத்தியது நான்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடத்தினேன்.

கடைசி மேட்ச்சில் எதிரணிப் பெண் ஒருத்தி ஜெனியின் காதுக்குள் அதே நிலம் துடைக்கிற கதையைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது. ஜெனியின் கை மூடி இறுகுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவள் திரும்பி ப்ரோஃபைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே ப்ரோஃப் பாட்டா செருப்போடு நின்றார், இரண்டு குதிக்காலிலும் பிளாஸ்டர். ஜெனி கையை விரித்தாள். பந்தைக் கேட்டு வாங்கினாள். கூடைக்குள் போட்டாள்.

மேட்ச்சில் தோற்றோம்... ஆனால் அவள் பெயரை யாரும் வெட்டவில்லை. படித்தும் முடித்தாள்.

இப்போதெல்லாம் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கும் முன்னம் இன்ஸ்டாகிராமைப் பார்க்கிறார்கள். ஒரு பிழையான வீடியோ போதும், கதை முடிந்தது. தேடிக்கொண்டு மலை ஏற யாருக்கு நேரம்?

ஜெனி இன்று கோச். போன மாதம், எல்லா கிளப்பும் வேண்டாமென்ற ஒரு சிசிலிப் பெண்ணை, ஆளாளுக்கு எதிர்க்க எதிர்க்க, தன் அணிக்கு எடுத்திருக்கிறாள். கேட்டதும் என் சொந்தத் தங்கச்சி செய்தது போல் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அவளுடைய அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவருக்கு இப்போது முழங்கால் சரியில்லை, மலைக்கு பஸ்ஸில்தான் போகிறார். அந்தப் பெண் என்ன செய்தாள், ஏன் துரத்தினார்கள்... ஒன்றையும் கேட்கவில்லை.

"பிள்ளையின்ரை பேர் என்ன?" என்றார். "பேர் தெரியாமல் நான் ரொசாலியாவிட்டை எப்பிடிக் கேக்கிறது?"