நனையாத முடிச்சு

தூண்டில் முள்ளில் நைலான் நரம்பைக் கோத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, இறுக்குவதற்கு முன் என் கணவர் முடிச்சை வாயில் வைத்து நனைப்பார். காய்ந்தபடி இழுத்தால் நரம்பு சூடேறி, மீன் இழுக்கும்போது அந்த இடத்திலேயே அறுந்துவிடும். தூண்டில் போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் இறால் குத்திய கையோடு அவர் செய்வதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். எச்சில் விஷயத்தில் நான் அப்படிப்பட்டவள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் குடித்த குவளையில் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. அதில் பெருமை வேறு.

அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது, வாயில் எச்சிலும் வற்றிப்போனது. சோற்றை ரசத்தில் கரைத்துக் கொடுப்பேன். பாவி மனுஷன், ஒரு குறை சொன்னதில்லை. ஞாயிறு காலையில் தூண்டில் போட எஸ்பிளனேட் கடற்சுவருக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார். தனியாக விட மனமில்லாமல் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

முதல் நாளே மூன்று முடிச்சு அறுந்தது. பாட்டில் தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்த்தார். "இது நிக்காது, வழிஞ்சிரும்" என்றார். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர், "குடுங்கண்ணே, நான் கட்டித் தரேன்" என்று கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை. நான்காவது முடிச்சைச் சுற்றி என் பக்கம் நீட்டினார்.

"நீ கொஞ்சம் வாயில வச்சுக் குடேன்."

"சீ! என்னங்க இது, கருமம்!"

யோசித்துச் சொல்லவில்லை. சுடுசட்டியில் பட்ட கை தானாக இழுத்துக்கொள்ளுமே, அப்படி வந்துவிட்டது. கடைக்காரர் சிரித்தார். "அக்காவ விடுங்கண்ணே, பாவம்லா." இவரும் சிரித்தார். பிறகு நரம்பைச் சுருட்டி வைத்துவிட்டார்.

மறுநாள் தூண்டில் சாமான் கடைக்குப் போனேன். முடிச்சே வேண்டாத ஒன்றைக் காட்டினார்கள். சின்னக் கம்பிச் சுருள். நரம்பை அதில் சுற்றிவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும், நனைக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் அதை "கட்டத் தெரியாதவன் போடுறது" என்று கேலி செய்தவர், அன்று அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு பெரிய சியாகாப் மீன் ஒன்று மாட்டியது. கம்பு வளைந்தது, நரம்பு அறுந்துபோகவில்லை. மீனைச் சுவர்மேல் ஏற்றியபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். இவர் முள்ளைக் கழற்றிவிட்டு அந்தச் சுருளை விரலால் துடைத்தார்.

"நல்ல சாமான்தான். இனி யாரையும் கேக்க வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். அதன்பிறகு தண்ணீர் கொடு, முதுகைத் தேய்த்துவிடு என்றுகூட அவர் கேட்கவில்லை. என் நாக்கு அழுகாதா என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! மன்னிப்புக் கேட்கப் போனால், "எதுக்கு?" என்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். உதடு வெடித்துக் கிடந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கப் போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பஞ்சை என்னிடமிருந்து வாங்கி, தானே வைத்துக்கொண்டார்.