மறுநாளின் மேல் ஓர் அம்பு

சேரர், பாண்டியர் என்று மொத்த வரலாற்றையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் இந்தச் சரித்திர நாவலை எழுதினேன். அச்சகத்துக்காரரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். குடித்தது டீ மட்டும்தான். எழுதினேன் என்பதும் பாதிப் பொய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை மன்னித்து அனுப்பிவிட்டது. நான் போனில் பேசுவேன், அது எழுத்தாக்கும். மகள் பிழை பார்த்துப் பிரிண்ட் எடுத்துத் தருவாள்.

எனக்குப் பனியன் கம்பெனியில் துணி தேய்க்கிற வேலை. அயர்ன் மாஸ்டர் என்பார்கள். ஊர்ச் சட்டையெல்லாம் தேய்க்கிறவன் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்தால் எருமை மென்று துப்பியதுபோல இருக்கும். என் கதாநாயகன் அப்படியில்லை. தாராபுரம் பக்கம் அமராவதிக் கரையில் இருந்த குதிரைப்படைத் தலைவன். எந்த ராஜாவிடம் வேலை பார்த்தான் என்று கேட்காதீர்கள், அவனுக்கே சரியாகத் தெரியாது.

என் மனைவி அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணியைத் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். என்ன குறை என்று எழுத மாட்டார்கள். அம்பு இடத்தை மட்டும் காட்டும். தைத்தவர் பார்த்துக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ஸ்டிக்கரை உரித்துப் போட வேண்டும். அவள் பத்தாவது வரை படித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தாள்களைப் படித்து, அதே ஸ்டிக்கரை அதிலும் ஒட்டினாள்.

முதல் அம்பு விழுந்த இடம் இது: நெஞ்சில் ஈட்டி பாய்ந்த தளபதி, ரத்தத்தில் நனைந்த பனியனைக் கழற்றி எறிகிறான். நான் அந்தப் பக்கத்தை நாலு தடவை பார்த்தேன். குறை தெரியவில்லை. ஈட்டி பாய்ந்தால் பனியன் நனையாதா? அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராஜா காலத்திலேயே திருப்பூரில் கம்பெனி ஓடியதா என்று கேட்டாள். அதற்கப்புறம் என்னைத் தளபதி என்றுதான் கூப்பிட்டாள்.

இப்படி நாற்பதுக்கு மேல் அம்புகள். ஒவ்வொன்றாகச் சரிசெய்து உரித்தேன். கடைசி முப்பது பக்கம் படிக்கப் பாக்கி இருந்தபோது அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தாள்களையும் கொண்டுவரச் சொன்னாள். படுத்தபடியே படித்து ஒரே ஓர் அம்பு ஒட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னவென்று கேட்டேன்.

"எடத்தக் காட்டறதோட என்ற வேல முடிஞ்சுதுங்க தளபதி. என்னன்னு தைச்சவங்கதான பாக்கோணும்."

ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

அடுத்த மாதம் வருசத் திதி. அன்றைக்குப் புத்தகத்தை அவள் படத்துக்கு முன்னால் வைத்து, வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அட்டைகூடத் தயார். ரெடியா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி அம்பு இருக்கிற பக்கத்தில் பிழை எதுவும் இல்லை, ஸ்டிக்கரை உரித்துவிடலாம் என்றாள் மகள். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

இன்று மதியம் பாய்லர் நின்றுபோனது. ஸ்டீம் இல்லாமல் அயர்ன் டேபிள்கள் சும்மா கிடந்தன. உரிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை என்று, பையில் கொண்டுவந்திருந்த அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். தளபதியின் மனைவி காய்ச்சலில் செத்துப்போகிறாள். ஒரே வரி. அடுத்த வரி, 'மறுநாள் விடிந்ததும் தளபதி குதிரையேறிப் போருக்குப் புறப்பட்டான்.' அம்பின் முனை 'மறுநாள்' மேல் இருந்தது.

காரியம் முடிந்து நான் வேலைக்கு வந்த முதல் நாள், அயர்ன் பாக்ஸை ஒரு டி-ஷர்ட் மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். புகை வந்து யாரோ கத்தும்வரை நின்றேன். இரண்டு கிலோ பெட்டியைத் தூக்க முடியாதவன், என் தளபதியை மறுநாளே வாளோடு அனுப்பியிருக்கிறேன். அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் படித்திருக்கிறாள். தனக்கு எத்தனை வரி கிடைக்கும் என்று பார்த்திருக்கிறாள்.

மகளுக்கு போன் செய்து, ரெடி இல்லை என்று சொல்லிவிடச் சொன்னேன்.

"திதிக்கு வராதுங்களாப்பா?"

"வராது கண்ணு."

"எல்லார்த்துகிட்டயும் சொல்லியாச்சுங்ப்பா. அம்மாவுக்குன்னுதான பண்றோம்."

"உங்கம்மாதான் கண்ணு ரிஜெக்ட் பண்ணிருக்கா."

அவள் அழுகிற சத்தம் கேட்டது. பனியன் ஜோக் எதையாவது எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். விட்டுவிட்டேன். திதிக்கு அந்தத் தாள்களையே வைக்கலாம், அம்போடு, என்றேன். சரிங்ப்பா என்று வைத்துவிட்டாள்.

பாய்லர் இன்னும் ஓடவில்லை. டேபிள் மேல் ஏறி உட்கார்ந்து அந்த மறுநாளை போனில் பேச ஆரம்பித்தேன். தளபதி குதிரை ஏறவில்லை. லாயத்துக்குப் போகிறான். குதிரை அவன் கையைப் பார்க்கிறது. அதற்குத் தினமும் கொள்ளு ஊறவைத்தது அவள்தான். எத்தனை படி என்று அவனுக்குத் தெரியாது. என் வீட்டிலும் கொள்ளு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கு ஒரு வாரம் தெரியவில்லை. தளபதி பானைக்குள் கையை விடுகிறான். முந்தாநாள் அவள் ஊறவைத்து வடித்த கொள்ளு அதில் முளை விட்டிருக்கிறது. அதைக் குதிரைக்கு வைப்பதா, அப்படியே விடுவதா என்று

"ஏனுங்ண்ணா, ஸ்டீம் வந்துருச்சுங்க. பேக்கிங்ல பீஸுக்கு நிக்கறாங்க, வாங்க."