அர்மீதா இறுக்கிய வால்வு

அர்மீதாவோடு பன்னிரண்டு வருஷம் ஒரே பைக் தொழிற்சாலையில் இருந்தேன். வேலைநிறுத்தம் என்றால் வாசலில் முதல் ஆள். மேடையில் பேசச் சொன்னால் ஆளைக் காணோம். 1972-இல் வெளியே வந்து இத்தாலியில் எங்கள் ஊரான பொலோஞ்ஞாவிலேயே ஒரு பட்டறை போட்டாள். வால்வு வேலை மட்டும்.

எங்கள் ஊர் பைக்கில் வால்வை மூட ஸ்பிரிங் கிடையாது. ஒரு இரும்புக் கை தள்ளித் திறக்கும், இன்னொரு கை இழுத்து மூடும். எவ்வளவு வேகமானாலும் தடுமாறாது. ஆனால் அடிக்கடி பிரித்து, கைக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். வால்வுத் தண்டின் முனையில் உட்காரும் எஃகுத் தொப்பியைக் கல்லில் தேய்த்து அளவு வைப்பார்கள். தளர்வாக வைத்தால் டக் டக் சத்தம். இறுக்கினால் சத்தம் அடங்கும். ஆனால் சூட்டில் தண்டு நீண்டு வால்வு சரியாக மூடாது, கருகிவிடும்.

"சத்தம் போடுறது உசிரோட இருக்குன்னு அர்த்தம்" என்பாள்.

சனிக்கிழமை மதுக்கடை வாசலில் ஒருவன் எஞ்சினை இன்னொருவன் காது வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். ரொட்டிக் கடை நேரியோ மலையேற்றப் பந்தயத்தில் இடம் கிடைக்க இரண்டு வருஷம் காத்திருந்தவன். அவன் பைக்குக்கு வால்வு வைத்தது அர்மீதா. மதுக்கடை வாயாடி ஓஸ்வால்தோ அவனை வம்புக்குப் பிடித்துக்கொண்டான்.

"டேய், இது எஞ்சினா, உங்கம்மா தையல் மிஷினா? அர்மீதாவுக்குக் காது போச்சுடா!"

அது அர்மீதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தடித்த தொப்பி ஒன்றைப் போட்டு இறுக்கினாள். சத்தம் அடங்கியது. கடையும் வாயை மூடியது.

பந்தயத்தன்று காலை நேரியோ எஞ்சினைச் சூடாக்கினான். அர்மீதா அதை அணைத்துவிட்டுக் கிக்கரைக் கையால் அமுக்கினாள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது.

"எறங்குடா."

"அக்கா, எனக்கு முன்னாடி நாலு பேர்தான்!"

"வால்வு மூடல. தப்பு என்னுது. இவனுங்க வாய்க்குப் பயந்து இறுக்கிட்டேன்."

ஓஸ்வால்தோ பக்கத்தில் நிற்கும்போதே, எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

"பழைய தொப்பி?" என்றான் நேரியோ.

"பாக்கெட்ல இருக்கு. எஞ்சின் ஆறணும். சூட்டுல பாத்தா அளவு பொய் சொல்லும்."

நேரியோவின் எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவன் ரொட்டியும் மொர்த்தாதெல்லா இறைச்சியும் மென்றுகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

மதியம் தொப்பியை மாற்றினாள். கிக்கர் இப்போது மிதித்த காலை எதிர்த்து நின்றது. டக் டக் திரும்பியது. பந்தயம் முடிந்து பாதையைத் திறந்திருந்தார்கள்.

"போய்ட்டு வா" என்றாள்.

நேரியோ அவளை முறைத்துவிட்டுத் தனியாக மலையேறினான். ஓஸ்வால்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சும்மா இருடா" என்றாள். "கடைசி வளைவு வரைக்கும் கேக்கணும்."