காலிக் கட்டத்தில் சராசரி

ஆற்று நீர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் பெயர் கணக்கக்கா. விஞ்ஞானிகள் சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதி விடை வரவழைப்பது அவள் பாடு. கட்டுரையில் பெயர் அவர்களுக்கு. இவளுக்கு? கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றிகூடக் கிடையாது. ஆனாலும் அந்த வெள்ளக் கணக்கின் மேல் அவளுக்கு ஒரு கர்வம். மழை எவ்வளவு என்று சொன்னால் போதும், எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று சொல்லிவிடும். லேசுப்பட்ட வேலையா அது!

அந்தக் கர்வத்தில்தான் வாயைக் கொடுத்தாள். தங்கை ஆற்றோரம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அங்க தண்ணி வருமா? நீ சொன்னா வாங்கறோம்" என்றாள். இவள் ஐம்பது வருஷத்து அளவுகளைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள்.

"வாசல்படியைக்கூடத் தொடாதுடி. கண்ணை மூடிட்டு வாங்கு."

மூன்றாம் வருஷம் தண்ணீர் ஜன்னலுக்கு மேல் ஏறியது. தங்கையை மாடியில் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தூக்கிவர இறங்கிய தங்கை புருஷன் திரும்பவில்லை. பெரியவரும் பிழைக்கவில்லை.

கணக்கு எங்கே பொய்த்தது? பாலத்தடியில் நீர்மட்டம் காட்டும் அளவுகோலைத் தினமும் பார்த்து எழுதியவரின் பழைய நோட்டுகளை இழுத்துப் போட்டுப் புரட்டினாள். பெருவெள்ளம் வந்த நாளிலெல்லாம் எண் இல்லை. ஓரத்தில் மட்டும், 'அளவுகோல் முழுகிவிட்டது' என்று எழுதியிருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தவர்கள் எண்ணைத்தானே அடிப்பார்கள்? கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். காலிக் கட்டம் வந்தால் கணக்கு நின்றுவிடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே ஒரு வரி எழுதியிருந்தாள்: காலியாக இருந்தால் அந்த மாதத்துச் சராசரியைப் போடு. "வரைபடத்துல கோடு எவ்வளவு வழவழன்னு வருது பாருங்க!" என்று இயக்குநர் மெச்சினார்.

அடிப்பாவி! ஐம்பது வருஷத்துப் பெருவெள்ளம் அத்தனையையும் அவள் கையாலேயே துடைத்திருந்தாள். இந்த வருஷத்து அளவுகளைத் திறந்தாள். அளவுகோலுக்குப் பதில் வைத்த புதுக் கருவியும் முழுகித்தான் போயிருந்தது. தங்கை புருஷன் செத்த அன்று, திரையில் ஆறு முழங்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். சுவரில் சேற்றுக் கறை தலைக்கு மேல் இருந்தது. தங்கை மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு பார்க்க வந்தப்பவே பக்கத்து வீட்டுப் பெரியவர் அவங்க சுவத்துல பழைய கறையைக் காட்டினாரு அக்கா. இவ்வளவு உயரம் வந்துச்சும்மான்னாரு. நீ வராதுன்னு சொன்னதால நான் அவரை நம்பல."

அவள் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் அதைக் கணக்கில் ஏற்றி, அந்தப் பழைய வரியையும் நீக்கி, இயக்குநரிடம் காட்டினாள்.

"அப்ப இத்தனை வருஷக் கட்டுரையும் தப்புங்கறீங்களா? இந்த ஒரு புள்ளி மட்டும் துருத்திட்டு நிக்குது. எடுத்துடுங்க."

"மாட்டேன் சார்."

அவரே எடுத்தார். அவள் நீக்கிய வரியையும் திரும்பச் சேர்த்தார். இரண்டு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. கோடு வழவழவென்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, அவள் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள்.