ரப்பர் மேட்டுக்கு அடியில் உப்பு

போன வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் மனைவியும் ஆம்பூரில் பஸ் ஏறி வாணியம்பாடிக்குப் போனோம். அங்கே ஒரு பாய் தன்னுடைய பழைய ஜீப்பை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றையே யோசித்துக்கொண்டு போனேன். இந்த ஆள் எதை மறைக்கப் போகிறார்?

இப்படி யோசிக்கிறவன் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. என் வேலை அப்படி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தவன் நான். தோல் செக்கிங் பார்க்கிறேன். மேசைமேல் வந்து விழும் தோலின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதில் மயங்கிவிடக் கூடாது. புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டை உரிக்கும்போது கத்தி இறங்கிய இடமெல்லாம் அங்கேதான் தெரியும். வருஷக்கணக்காக இதையே செய்து பழகியதில், இப்போது தர்பூசணி வாங்கினாலும் சரி, தெருவில் ஒரு புது மாப்பிள்ளையைப் பார்த்தாலும் சரி, என் கை புரட்டிப் பார்க்கத்தான் துடிக்கும்.

ஜீப் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி கிராமங்களுக்குப் போகும் நர்ஸ். ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் உள்ள சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவாள், கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருவாள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் செம்மண் சேற்றில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்து அவள் மணிக்கட்டு உடைந்துபோனது. விழுந்தவள் கையைப் பார்க்கவில்லையாம். தடுப்பூசிப் பெட்டி திறந்துகொண்டதா என்றுதான் பார்த்தாளாம்.

"அடுத்த மழைக்குள்ள ஒரு வண்டி வேணும். இல்லன்னா மேல் ஊருங்களுக்கு நான் போறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கோ வேறு பயம். அந்த மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். செல்போனில் டவரும் கிடைக்காது. அங்கே வளைவில் வண்டி நின்றுவிட்டால் அவள் தனியாக என்ன செய்வாள்? பாதி வழியில் படுத்துக்கொள்ளும் வண்டியை நானே கையால் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. என் சந்தேகமெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

நாங்கள் தேடியது பெரிய ஜீப் இல்லை. குட்டை ஜீப். சாதாரணக் காரில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் இழுக்கும். இதில் கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ராடு இருக்கும். அதைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், கல் எதிலும் ஏறும் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் யார்? அந்த வண்டியை வைத்திருந்தவர்கள். அதனால்தான் நான் நம்பவில்லை.

ஒரு மாதமாக அந்த மாதிரி வண்டி எங்கே நின்றாலும் போய் விசாரித்தேன். ஒரு பையன் வண்டி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அடிக்கடி ரிப்பேர் வருமா என்று கேட்டேன்.

"அண்ணே, இது வண்டி இல்லண்ணே. வெறி!"

"சரி தம்பி. ரிப்பேர் வருமா?"

"ரோட்ல போனா ஊரே திரும்பிப் பாக்குதுண்ணே!"

மலைப் பக்கம் போயிருக்கிறாயா என்றேன். ஏலகிரிக்குப் போனானாம். போட்டோ காட்டட்டுமா என்றான். ஏலகிரிக்கு பஸ்ஸே போகிறது.

இன்னொருவர் ரோடு கான்ட்ராக்டர். "பேஜாரே இல்லாத வண்டி தம்பி. கண்ண மூடிகிட்டு வாங்கு" என்றார். அவர் ஜீப்புக்குக் கீழே தரையில் ஆயில் கருப்பாகச் சொட்டியிருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல், "அது வேற எவனோ வண்டி வுட்டு ஊத்திட்டுப் போனது" என்றார்.

மூன்றாவது, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தங்கம்ங்க வண்டி" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சொன்னார்: "ஆமா, தங்கம். ஒர்க் ஷாப்காரன் எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளா வந்துடுறான். அவ்ளோ பழக்கம்." வாத்தியார் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

சொந்த வண்டியைக் குறை சொன்னால், அதை வாங்கின தன்னுடைய புத்தியையும் சேர்த்துக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது. அதனால் எல்லோரும் மேல்பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாணியம்பாடி பாய் வேறு மாதிரி இருந்தார். அறுபதைத் தாண்டியவர். நர்ஸ் வேலைக்குப் போகும் என் மனைவி ஓட்டத்தான் வண்டி என்று மட்டும் சொன்னோம். நாங்கள் கேட்பதற்கு முன்பே குறையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

"ஏசில காத்து வரும், குளுரு வராது. பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். பின் சீட்ல வேலூர் வரைக்கும் உக்காந்தா இடுப்பு கழண்டுடும். மழைன்னா கூரைல ஒரு ஓரம் ஒழுகும். ஆனா வீட்டுக்கு மட்டும் ஓடுன வண்டி தம்பி. லோடுக்கு, வாடகைக்கு வுட்டதே கிடையாது."

எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. சின்னக் குறையை எல்லாம் தானாக எடுத்துக் கொடுக்கிறவர், பெரிய குறை ஒன்றை மடியில் வைத்திருப்பார்.

"அப்புறம் இன்னாத்துக்கு பாய் விக்கறீங்க?"

"வீட்ல ஏற முடியல பா. முட்டி வலி." வண்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன மர முக்காலியை எடுத்துக் காட்டினார். "இத போட்டுத்தான் ஏத்துவேன். இப்போ இதுலயும் முடியல."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஆமா, என் முட்டி மேலயே பழிய போடுங்க. உங்களுக்கும்தான் ஏற முடியல. அத சொல்றீங்களா பாரு!"

பாய் சிரித்தபடி டீ கொண்டுவர உள்ளே போனார். அந்த நேரத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். பின் சீட்டுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன்.

ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்து மோந்து பார்த்தேன். உப்பு. வீட்டு உப்பு இல்லை. பச்சைத்தோல் வாடை அடிக்கிற உப்பு. எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்த வாடையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அதற்காக உப்பைக் கொட்டித் தடவி வைப்பார்கள். அந்த உப்புத் தண்ணீர் வழிந்தால் வண்டியின் அடித்தகட்டைக் கரையான் மாதிரி தின்றுவிடும்.

வீட்டுக்கு மட்டும் ஓடின வண்டியாம்!

மனைவியின் காதில் சொன்னேன். "தோல் லோடு அடிச்ச வண்டி. பொய் சொல்றாரு."

"அவர்கிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா உஷாராயிடுவாரு. கடைசில வச்சுக்கலாம், சும்மா இரு."

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், பாய் பக்கத்தில், மனைவி பின்னால். ஊர் தாண்டி நல்ல தார் ரோடு வந்தது. அந்தக் குட்டி ராடில் கை வைத்தேன். பாய் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"இங்க வேணாம் தம்பி."

"சும்மா போட்டுப் பாக்கறேன் பாய்."

"வேணாம்னு சொல்றேன்ல. ரோட்ல போடக் கூடாது."

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. எந்த ராடுக்காக இந்த வண்டியை வாங்க வந்தோமோ, அதைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். ராடு வேலை செய்யவில்லை. உப்பு ஒன்று, ராடு இரண்டு. திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இப்டி லெஃப்ட்ல வுடுங்க. ஆத்துல எறங்கலாம்" என்றார் பாய்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலும் சீமைக்கருவேல முள்ளும்தான். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறார்? அதையும் மனதில் குறித்துக்கொண்டு இறங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. அழுத்த அழுத்த மணலுக்குள் இறங்கியது. அவ்வளவுதான், சிக்கிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

பாய் பதறவே இல்லை. பின்னால் திரும்பி, "நர்ஸம்மா, நீங்க முன்னாடி வாங்க. நீங்கதான ஓட்டப் போறீங்க?" என்றார்.

என்னை ஏமாற்ற முடியவில்லை என்று இவளிடம் போகிறாரோ என்று தோன்றியது. ஆனாலும் இறங்கி இடம் கொடுத்தேன். அவள் லைசென்ஸ் எடுத்திருந்தாளே தவிர, டிரைவிங் ஸ்கூல் காரைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை.

"இப்போ அந்த ராட போடுங்க. ஆங். ரொம்ப அழுத்தாதீங்க. கோச்சிகிட்டுப் போற மாதிரி போவக் கூடாது, நடந்து போற மாதிரி போவணும்."

ராடு டக்கென்று விழுந்தது. முன் சக்கரங்கள் மணலைப் பிடித்தன. வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, எருமை சேற்றைவிட்டு எழுந்து வருகிற மாதிரி நிதானமாக மேலே வந்தது. என் மனைவி "ஹே!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

கரைக்கு வந்ததும் பாய் என்னிடம் சொன்னார். "தார் ரோடு கெட்டியா இருக்கும் தம்பி. திரும்புறப்ப நாலு சக்கரமும் நாலு விதமா சுத்தணும். அங்க ராட போட்டா உள்ள இருக்கற கியர் பல்லு ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டு ஒடஞ்சிடும். மணல்ல, சேத்துலன்னா சக்கரம் கொஞ்சம் வழுக்கி வுட்டுக்கும். அதான் கைய புடிச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உப்பு இன்னும் இருக்கிறதே! அதை எப்போது எடுத்து வைக்கலாம் என்று நான் கணக்குப் போடுவதற்குள், இறங்கி நின்ற என் மனைவி நேராகவே கேட்டுவிட்டாள்.

"பாய், மேட்டுக்குக் கீழ உப்பு இருக்குது. தோல் ஏத்துனீங்களா?"

பாயின் சிரிப்பு நின்றது. எனக்கு, பிடித்துவிட்டோம் என்ற நினைப்பு.

"ஏத்துனேன் மா" என்றார். "பக்ரீத்துக்கு வீட்டுக்கு வீடு ஆடு அறுத்து குர்பானி குடுப்பாங்கல்ல, அந்தத் தோலையெல்லாம் தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்க இருக்கற விடுதிக்குக் குடுத்துடுவாங்க. அத வித்து அந்தப் புள்ளைங்களுக்கு சாப்பாடு, துணி. சந்துக்குள்ள லாரி போவாது, மலையடிவாரத்து ஊருங்களுக்கு ஆட்டோ வராது. இது குட்டை வண்டி, எங்கயும் பூந்துடும். வருஷா வருஷம் ஒரு நாள் இதுலதான் எடுத்தாருவேன். எவ்ளோ கழுவினாலும் உப்பு போவ மாட்டேங்குது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்" என்றேன்.

"சொன்னா, நா நல்லது பண்ணேன்னு பீத்திக்கற மாதிரி இருக்கும். கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்." என் மனைவி பக்கம் திரும்பினார். "கேக்காம போயிருந்தா சொல்லியிருப்பேனா? எனக்கே தெரியல நர்ஸம்மா. விக்கணும்னு ஆச இருக்குல்ல."

பிறகு அவரே மேட்டைத் தூக்கி, சாவி முனையால் ஒரு இடத்தில் குத்தினார். தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஓட்டை வழியாகக் கீழே மணல் தெரிந்தது. ஆக, என் சந்தேகம் பொய் இல்லை. வண்டிக்கு அடிப்பக்கம் கெட்டுத்தான் இருந்தது.

"இத சரி பண்ணாம உங்களுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

சரி செய்தார். பட்டறையில் அழுகின தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பாய் நாற்காலி போட்டுக் கொடுத்து, "நல்லா பாருங்க தம்பி, உங்களுக்குக் கண்ணு அப்டி" என்று கேலி செய்தார். வண்டியை எடுத்து வந்த அன்று அந்த முக்காலியையும் உள்ளே வைத்துவிட்டார். "கர்ப்பிணிங்க ஏறணும்ல?" என்றார்.

ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஏசியில் குளிர் வருவதில்லை. கூரை ஒழுகுகிறது. ஒரு தடவை பேட்டரி போய் எங்கள் வீட்டு வாசலிலேயே அசையாமல் நின்றது. ஆனால் மலையில் அவளை இன்றுவரை நிறுத்தவில்லை. வலி வந்த ஒரு பெண்ணை அடைமழையில் கீழே கொண்டுவந்த நாளில், அந்தப் பெண் ஏறியது பாயின் முக்காலியில் கால் வைத்துத்தான்.

இப்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் யாராவது வந்து, "எப்டிண்ணே வண்டி?" என்று கேட்கிறார்கள். என் வாயிலும் "தங்கம்" என்றுதான் முதலில் வருகிறது, பிள்ளைகளே! அதை விழுங்கிவிட்டு, பின் கதவைத் திறந்து மேட்டைத் தூக்கி, ஒட்டுப் போட்ட தகட்டைக் காட்டிவிட்டுத்தான் மீதியைச் சொல்கிறேன். சந்தேகப்படுவது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் அது வரும்போதெல்லாம், அன்று ஆற்றங்கரையில் என் மனைவி கேட்ட மாதிரி நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.