ஸ்ரீமுஷ்ணம் உரக்கடைக்குப் போன பென் டிரைவ்

என் மனைவி கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதுவாள். அதைக் கொண்டுபோய்க் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதும் அவளேதான். நான் பைக் ஓட்டுவேன், ஒயர் இழுப்பேன், பிரிண்டர் தூக்குவேன். கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. எனக்கு அத்தை மகள் அவள். அண்ணாமலை நகரில் படித்தவள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். இங்கிலீஷ் எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க நேரமாகும்.

இரண்டாம் தடவை உண்டானபோது, பஸ், பைக், ஆட்டோ எதுவும் கூடாது, படுத்தே இருக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். ஒருக்களித்துப் படுத்தபடியே டைப் அடிப்பாள்.

அந்தச் சமயம்தான் ஸ்ரீமுஷ்ணத்தில் ஓர் உரக்கடைக்காரர் கேட்டிருந்தார். ரொம்ப நாள் அலைந்து பிடித்த கடை. இனி நான்தான் தனியாகப் போய் ஏற்றவேண்டும்.

அவள் ஏற்றுகிற விதம் எனக்கு வராது. ஒவ்வொரு ஃபைலாக எடுத்து ஒவ்வோர் இடத்தில் போடுவாள். நடுவில் ஏதேதோ டைப் அடிப்பாள். அதனால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன், நீ அதை அமுக்கினால் போதும் என்றாள். அப்படிக் கட்டுவதற்கென்றே தனி டூல் இருக்கிறதாம். இலவசமாகவே நிறைய கிடைக்குமாம்.

ஒவ்வொன்றிலும் கட்டிப் பார்த்தாள். வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் என்னை உட்காரவைத்து ஓட்டச் சொன்னாள்.

"எது தேவலாம்னு நீதான் சொல்லணும் மாமா. போவப்போறது நீ."

ஒன்று பாதி வேலையில் நெட்டைக் கேட்டது. கடையில் நெட் கிடையாது என்றேன். தள்ளிவைத்தாள். இன்னொன்று பாஸ்வேர்டு கேட்டது. கம்ப்யூட்டர் விற்றவன் என்ன போட்டான் என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. அதுவும் போயிற்று. மூன்றாவது சின்னதாக இருந்தது, எதையும் கேட்கவில்லை. பட்டனில் எனக்காகத் தமிழ் போட்டுப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்தது. நான்காவதில் தமிழ் நன்றாகவே வந்தது. ஆனால் அது அவளுக்குப் புதுசு. கற்றுக்கொண்டு முடிக்க இன்னும் சில நாள் ஆகும் என்றாள்.

அதற்குள் அவளுக்கு முதுகு வலி. தலையணையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் விடவில்லை. மூன்றாவதே போதும், எனக்குப் படிக்க ஒன்றும் வேண்டாம் என்றேன். பட்டனையெல்லாம் எடுத்துவிட்டாள். அமுக்கினால் அதுவே ஓடும், முடிந்ததும் பச்சை டிக் வரும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

உரக்கடைக்காரர் நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். மானிட்டருக்குப் பூ வைத்திருந்தார். அவள் வராதது அவருக்குக் குறை. கணக்கு எழுதுகிறவரிடம், "டாக்டர் வரலியாம்யா, ஊசி மட்டும் வந்திருக்கு" என்றார். நானும் சிரித்தேன்.

அமுக்கினேன். சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே. கடைக்குள் சிக்னல் இல்லை. வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். போட்டோ கேட்டாள். எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"ஒண்ணும் புரியல மாமா. ஆட்டோ சொல்லிட்டேன். வந்துர்றேன்."

வழியெல்லாம் பள்ளம்.

"வேணாம்மா."

"எவ்ளோ அலைஞ்சி புடிச்ச கடை."

"போனா போவுது. வேணாம்."

போனை வைத்துவிட்டாள்.

உள்ளே போய், கண்ணில் பட்டதையெல்லாம் போட்டோ எடுத்தேன். எது முக்கியம் என்று எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பேர் காட்டுகிற முதல் திரையையும் எடுத்தேன். அதில் 'முருகன் துணை' என்று இருந்தது. எங்கள் பக்கம் துணை போடாமல் எதையும் தொடங்கமாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன பேர் என்று விற்றவன் கேட்டிருப்பான். இவர் இதைச் சொல்லியிருப்பார். லால்பேட்டையில் ஒரு பாய் கடையில் 786 என்று வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்து எல்லாவற்றையும் அனுப்பினேன். உடனே போன் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி பேரு தமிழ்ல இருக்கு மாமா. அந்தப் பேர்லதான் போல்டர். நம்ம டூலுக்குத் தமிழ் தெரியாது, உள்ள போவ வழி தெரியாம நிக்குது. பேர மாத்துவாரான்னு கேளு."

வாசலில் நின்றபடியே கடைக்காரரிடம் கேட்டேன்.

"அத மட்டும் தொடாதீங்க தம்பி" என்றார்.

அவளிடம் சொன்னேன். சரி, நான்காவது டூலில் எப்படியாவது கட்டுகிறேன், தெரிஞ்ச வரைக்கும் போதும் என்றாள்.

"ஆட்டோ?"

"வாசல்ல நிக்குது."

"திருப்பி அனுப்பு."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்கிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு, "போயிடுச்சு" என்றாள்.

உரக்கடைக்காரர் காலண்டர் தாளைப் பார்த்து, மத்தியானத்துக்கு மேலே இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது என்றார். டீ வாங்கிக் கொடுத்தபோது, அவள் ஏன் வரவில்லை என்று சொன்னேன். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நல்ல சிக்னல் கிடைத்த இடத்தில் நின்றேன். ஃபைல் வந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று. அவள் எப்படி உட்கார்ந்து செய்தாளோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனைக் கேபிளில் மாட்டி அமுக்கினேன். 'அடுத்து' என்று வந்தது. மறுபடி 'அடுத்து'. அப்புறம் 'முடிந்தது'. உரக்கடைக்காரர் பிரிண்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, காத்திருந்த ஒருவருக்கு யூரியா பில் போட்டார். அதைக் கிழித்தெடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "ஊட்டுல நல்லா பாத்துக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வெளியே போகிற புடவையிலேயே படுத்திருந்தாள். மாற்றவில்லை. தோளில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினேன். கால் பக்கம் உட்கார்ந்தேன். கடையில் சாஃப்ட்வேர் ஓடுகிறதா என்று அவள் கேட்கவில்லை.

"படுத்துக்கிட்டேதான் செஞ்சேன் மாமா" என்றாள்.