பன்னிரண்டு பூஜ்யங்கள்

தரவுத்தளப் பாடத்தில் முதல் தடவை தோற்றபோது அழுதேன். இரண்டாம் தடவை எடுத்தபோது அழ நேரமில்லை. இதிலும் தவறினால் படிப்பையே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதை விடுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். தினமும் உடை எடுக்கும்போது கண்ணில் படட்டும் என்றுதான்.

தேர்வைவிடச் செயல்திட்டத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம். உண்மையான ஓர் இடத்துக்குப் பயன்படும் தரவுத்தளத்தைச் செய்து காட்ட வேண்டும். புக்கிட் செலம்பாவ் கோவில் மண்டபத்தில் தொடங்கவிருந்த தையல் வகுப்பை நான் பிடித்துக்கொண்டேன். எட்டு மெஷின், முப்பது பெண்கள். யார், எந்த மெஷின், எந்த நாள் வந்தார், எந்த நாள் வரவில்லை. எல்லாம் மூன்று அட்டவணைகளில் அடங்கிவிடும்.

அட்டவணைக்குப் பிரைமரி கீ என்று ஒன்று வேண்டும். ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமல் காட்டும் எண் அது. காலியாக இருக்கக் கூடாது. இருவருக்கு ஒன்றாகவும் இருக்கக் கூடாது. நான் யோசிக்கவே இல்லை, அடையாள அட்டையான ஐசியின் எண்ணைப் போட்டேன். இந்த நாட்டில் நூலகமோ கிளினிக்கோ, எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைத்தானே.

யோசிக்காததற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. ஐசி இல்லாத ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறந்ததை வீட்டில் யாரும் போய்ப் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி இல்லை. ஐசி இல்லாததால் தொழிற்சாலை வேலையும் இல்லை. சுங்கை லாலாங்கில் எங்களோடு இருந்துகொண்டு, பீடோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். தைக்கத் தெரிந்தால் வீட்டிலேயே மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று, வகுப்புச் செய்தி வந்த நாளிலிருந்து என்னை நச்சரித்தவரும் அவர்தான்.

பதிவு ஒரு சனிக்கிழமை காலை, அதே மண்டபத்தில். நான்தான் கணினி முன் உட்கார்ந்தேன். சித்தியின் முறை வந்ததும் என் விரல் ஐசி கட்டத்தில் நின்றுவிட்டது. பின்னால் நீண்ட வரிசை. பன்னிரண்டு பூஜ்யங்களைத் தட்டினேன். கணினி வாங்கிக்கொண்டது.

“என்ன நம்பர் போட்ட?” என்றார் சித்தி.

“ஏதோ ஒண்ணு. நகருங்க சித்தி.”

அரை மணி நேரம் கழித்து, சித்தியோடு கடையில் வேலை செய்யும் அக்கா மோட்டாரில் வந்து இறங்கினார். சித்திதான் வரச் சொல்லியிருந்தார். அவருக்கும் ஐசி இல்லை. மறுபடியும் பூஜ்யங்களைத் தட்டினேன். இந்த எண் ஏற்கனவே இருக்கிறது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

“ஏன் செவப்பா வருது?” சித்தி குனிந்து பார்த்தார்.

“ஒண்ணுமில்ல. கடைசியில ஒரு ஒண்ணு போட்டா சரியாயிரும்.”

“அப்ப எனக்குப் போட்டது பொய் நம்பரா?”

அந்த அக்கா அதற்குள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “பரவால்லமா, நான் இன்னொரு நாளைக்கு வாரேன் லா.” அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஐசி கேட்டுப் போகும் எந்த அலுவலகத்திலிருந்து திரும்பும்போதும் சித்தி அதே குரலில்தான் விடைபெறுவார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று வந்தது முழுக்க என் மேல். “உக்காருங்கக்கா!” என்று அதட்டினேன். அவர் பயந்துபோய் உட்கார்ந்தார். இருவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதினேன். நோட்டு எந்த எண்ணையும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செயல்திட்டத்தைக் காட்ட வேண்டும். ஒழுங்காக ஓடுவதில் அப்போது கைவைப்பது, சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கீயை மாற்றினால் அதை நம்பி நிற்கும் மற்ற இரண்டு அட்டவணைகளையும் மாற்ற வேண்டும். தெரிந்தேதான் மாற்றினேன். சேர்ந்த வரிசைப்படி கணினியே ஆளுக்கோர் எண் கொடுக்கும். ஐசிக்குத் தனிக் கட்டம், அது காலியாக இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு மதியம் ஓட்டிப் பார்த்தால், திரையில் எட்டு மெஷின் ஒவ்வொன்றிலும் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திங்கட்கிழமை விடுதிக்குத் திரும்பும் பேருந்தில், நான் எழுத மறந்த ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்தேன். பெண்கள் அவரவர் மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

விரிவுரையாளர் ஒரு மலாய்க்கார அம்மையார், லேசில் விடமாட்டார். ஐசி இருக்கும்போது இந்தப் புது எண் எதற்கு என்று மலாயில் கேட்டார்.

“ஐசி இல்லாதவர்களும் தைக்க வருகிறார்கள், புவான்.”

“எத்தனை பேர்?”

“இரண்டு பேர்.”

“இரண்டு பேருக்காகவா கடைசி நேரத்தில் மூன்று அட்டவணையையும் மாற்றினாய்?”

அலமாரிக் கதவில் ஒட்டிய கடிதம் நினைவுக்கு வந்தது. “ஒருவருக்காகவே மாற்றியிருக்க வேண்டும், புவான். அவர் என் சித்தி. அவருக்கு நான் பொய் எண் போட்டேன்.”

அவர் வெகுநேரம் எதையோ எழுதினார். நான் தேறிவிட்டேன், ஆனால் அது பல வாரம் கழித்து வந்த செய்தி. அதற்கு முன்னால் வகுப்பின் முதல் சனிக்கிழமை வந்தது.

சித்தியின் எண் பதினான்கு. திரையில் அதைக் காட்டினேன்.

“இது இன்னொருத்தருக்கு வராதே?”

“வராது சித்தி.”

“நான் வகுப்புக்கு வராம நின்னுட்டா?”

“அப்பவும் ஒங்களுதுதான்.”

ஐசி இன்னும் வந்தபாடில்லை. பதினான்கைச் சொன்னால் வெளியே எந்தக் கதவும் திறக்காது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். தையல் டீச்சர் வருகையெடுக்க எண்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். சித்தி மெஷினை விட்டு எழுந்து நின்று, “பதினாலு!” என்றார். நான்கடி தூரத்தில் இருந்த டீச்சருக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.